எழுத்துக்கு எதற்குக் காசு?

முத்தியால்பேட்டையில் மொழிபெயர்ப்பு அலுவலகம் வைத்திருக்கும் கலியபெருமாளுக்கு ஒரு விரதம் உண்டு. எந்த விலைப்பட்டியல் கைக்கு வந்தாலும் ஒரு வரியையாவது சிவப்பு மையால் அடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவரின் பட்டியலில் ‘பட்டி பார்த்தல்’ என்பதை அடித்தார். அந்த ஐப்பசியிலேயே சுவர் பொரிந்து உதிர்ந்தது. மகள் கல்யாணச் சமையலில் ‘இரண்டாவது பாயசம்’ என்பதை அடித்தார். சம்பந்தி வீட்டில் இன்றும் அந்தப் பாயசத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்காக விரதம் கலைந்துவிடுமா? துணி ஏஜெண்டாகப் பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய மனுஷர். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சர்வர் வாங்கியபோதும் அதுதான் நடந்தது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் பிரெஞ்சில் காகிதம் கேட்டு அவரிடம் வருவார்கள். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கம், நன்றி, என்ன விலை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அலுவலகத்தில் இருந்த ஜிஸ்லேன் மதாமும், வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் மூன்று பெண்களும். நால்வரும் தனித்தனியாக வேர்டில் அடித்து, தனித்தனியாகப் பிடிஎஃப் ஆக்கி, ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைத்து அனுப்புவார்கள். ஒரு முறை ‘ஃபைனல்’ போகவேண்டிய இடத்துக்குப் ‘புது ஃபைனல்’ போய், ஒருவரின் கல்யாணப் பத்திரம் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு அம்மாளுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கலியபெருமாளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அப்போதுதான் முதலியார்பேட்டை நிலவன் ஒரு யோசனை சொன்னான். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன். “ஒரு சர்வர் வச்சிடலாம் சார். நாலு பேரும் ஃபைலை ஒரே எடத்துல போட வேண்டியதுதான். அதுவே பிடிஎஃப் ஆக்கி, நம்பர் போட்டு, வரிசையா வச்சிடும். யாரும் தொட வேணாம்.”

‘யாரும் தொட வேணாம்’ என்பது கலியபெருமாளுக்கு மிகவும் பிடித்தது. பட்டியலைக் கேட்டார். நான்கு வரி இருந்தது: பெட்டி, அமைத்துக் கொடுத்தல், ஃபாண்ட், வருஷப் பராமரிப்பு.

“மூணாவது என்னா தம்பி?”

“எழுத்து சார். மதாம் அடிக்கிறது காசு குடுத்து வாங்குற எழுத்து. அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. சர்வர்லயும் போடணும்னா அதுக்குத் தனியா லைசன்ஸ் எடுக்கணும்.”

“எழுத்துக்கா? எழுத்துக்குக் காசு கேட்ட மொத ஆளு நீதான்டா தம்பி.”

“பிரெஞ்சு எழுத்து சார்.”

“ஏ பி சி டி தானே? தலையில கொஞ்சம் கொம்பு வச்சிருக்கும். கொம்புக்கெல்லாம் காசு தர முடியாது.”

“இல்லன்னா சர்வர் தன்கிட்ட இருக்கிற வேற எழுத்தப் போட்டுக்கும் சார். அது கொஞ்சம் அகலமா இருக்கும்…”

“அகலமா இருந்தா நல்லதாப் போச்சு. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு கண்ணாடி போட்டவங்க.”

சிவப்புப் பேனா ஓடியது. நிலவன் வாயைத் திறந்து மூடினான். மேலே பேசினால் நான்காவது வரியும் போய்விடும் என்ற பயம் அவனுக்கு.

சர்வர் வந்தது. மூலையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்து, போட்ட ஃபைலை நிமிஷத்தில் பிடிஎஃப் ஆக்கித் தள்ளியது. அதுவரை ஜிஸ்லேன் ஒவ்வொரு காகிதத்தையும் அச்செடுத்து, காதில் செருகிய பென்சிலால் வரிவரியாகத் தொட்டுப் படித்த பிறகே வெளியே விடுவார். கலியபெருமாள் அதையும் நிறுத்தினார். “அதான் மெஷினு பார்த்துக்குதே மதாம். பேப்பரு வேற தண்டம்.” மதாம் பென்சிலை மேஜை அறைக்குள் போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கமலா படியேறி வந்தாள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், டவுனில் மருந்துக்கடையில் வேலை. புருஷன் தெயோ பிரான்சில் ஒரு உணவகத்தில் சமையற்காரன். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷமாக அவனிடம் போய்ச் சேர விசாவுக்குக் காத்திருக்கிறாள். வந்தவள் உட்காரவில்லை. கைப்பேசியை மேஜைமேல் சாத்தி நிறுத்தினாள். திரையில் தெயோ, தலையில் வெள்ளைத் தொப்பியோடு.

“அண்ணா, வணக்கம்,” என்றான் தெயோ. “நான் செத்து எத்தனை நாளாச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. இன்னைக்கு ஞாபகார்த்தப் பூசை வைக்கிறதா இருந்தா லீவு சொல்லணும்.”

கலியபெருமாள் கமலாவைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீங்க குடுத்த குடும்பப் பட்டியல்ல இவரு செத்துட்டாருன்னு இருக்காம் சார். செத்துப் போனவருகிட்ட எதுக்குப் போறீங்கன்னு கேட்டு விசா ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியான பேப்பரும், தப்பு எப்படி நடந்துச்சுன்னு ஒரு லெட்டரும் குடுக்கணும். இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்களாம். மறுபடியும் மொதல்லேர்ந்து.”

அவள் நீட்டிய காகிதத்தைப் பார்த்தார். தெயோவின் அப்பா மிக்காயேல் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் பெயருக்கு நேரே வலது ஓரத்தில் இருக்கவேண்டிய ‘காலமானார்’ என்ற சொல்லும் தேதியும் அங்கே இல்லை. ஒரு வரி இறங்கி, இடது ஓரத்தில், தெயோவின் பெயருக்கு மேலே நெற்றிப்பொட்டு மாதிரி உட்கார்ந்திருந்தன. அப்பா உயிரோடு இருந்தார். பிள்ளை போய்விட்டான்.

“எங்கப்பாவுக்கு உயிர் குடுத்ததுக்கு நன்றிண்ணா,” என்றது தொப்பி. “ஆனா மாத்திக் குடுங்க. அவரு பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு. மறுபடி வந்தாருன்னா காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விடுவாரு.”

“சும்மா இருங்களேன்,” என்று கமலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “சார், அங்க எனக்கு வேலைக்குக்கூடப் பேசி வச்சிருக்காரு.”

கலியபெருமாளுக்கு வியர்த்தது. வியாபாரி வியர்த்தால் முதலில் தேடுவது விசிறியை அல்ல, ஆளை. திரும்பினார். ஜிஸ்லேன் தன் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்தால் கலியபெருமாள் அவரை ‘மதாம்’ என்பார். கோபம் வந்தால்தான் பெயர் வரும்.

“ஜிஸ்லேன் அம்மா, இத அடிச்சது யாரு?”

“நான்தான் முசியே.” ஐயா என்பதை அந்தக்கால வழக்கில் முசியே என்றே சொல்வார். “என் ஸ்கிரீன்ல சரியா இருக்கு. வந்து பாருங்க.”

“இப்ப சரியாத்தான் இருக்கும். வந்தவங்களப் பார்த்ததும் திருத்தியிருப்பீங்க.”

பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஜிஸ்லேனிடம் சொன்னவற்றிலேயே மட்டமான சொல் அதுதான். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்தது. ஆனால் வாடிக்கையாளர் எதிரில் விலையை இறக்கிப் பழக்கமில்லை அவருக்கு. மேலே ஏற்றினார்.

“சாதாரண லெட்டரு குடுத்தா அங்க நம்ப மாட்டாங்க கமலா. ஆளைக் காட்டணும். தப்பு பண்ணது டைப்பிஸ்ட்டு, அவங்கள வேலையை விட்டு அனுப்பியாச்சுன்னு எழுதிக் குடுத்தாத்தான் நம்ம பேரு நிக்கும், உங்க ஃபைலும் நகரும்.”

கமலா திடுக்கிட்டு ஜிஸ்லேனைப் பார்த்தாள். “அவ்வளவுக்கு வேணாம் சார்…”

“உங்களுக்கு விசா வேணுமா, வேணாமா?”

ஜிஸ்லேனின் கணவர் எதுவார் வாடகைக் கார் ஓட்டியவர். முட்டி போய் மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டு அடுப்பு இந்த நாற்காலியை நம்பித்தான் எரிகிறது. இது கலியபெருமாளுக்கும் தெரியும். ஐம்பது வயதில் இன்னொரு நாற்காலி கிடைக்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

ஆனால் ஒரு சங்கடம். அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுத அந்த அறையில் ஜிஸ்லேனைத் தவிர ஆளில்லை.

ஜிஸ்லேன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “சொல்லுங்க முசியே, அடிக்கிறேன். வேலைய விட்டு நீக்கின தேதி என்னா போடட்டும்? இன்னைக்கா, மாசக் கடைசியா?”

“அது… மாசக் கடைசின்னே போடுங்க.”

“காரணம்?”

“கவனக்குறைவு.”

“பெரிய கவனக்குறைவா, சாதா கவனக்குறைவா? பிரெஞ்சுல ரெண்டும் வேற வேற.”

“உங்களுக்கு எது தோணுதோ போடுங்க!”

“பெரிசுன்னே போடுறேன். சாதா தப்புக்கு வேலைய விட்டு அனுப்பினாங்கன்னா உங்களத்தான் குறை சொல்லுவாங்க.”

விசைப்பலகை ஓடியது. ஜிஸ்லேனின் வேலையில் ஒரு தனிப் பாணி உண்டு. பதினெட்டு வயதில் ஒரு வக்கீல் ஆபீசின் தட்டச்சுப் பொறியில் படித்தது. பெயர், தேதி என்று பத்தி பத்தியாகப் பிரிக்கவேண்டிய இடத்தில் டேபிள் எனும் கட்டம் போட மாட்டார். கட்டம் போட்டால் காகிதம் கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிடுகிறது என்பார். இடைவெளிக் கட்டையைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி, எண்ணி, பெயருக்கு நேரே பெயரும் தேதிக்கு நேரே தேதியும் வந்து நிற்க வைப்பார். முப்பது தட்டு, நாற்பத்திரண்டு தட்டு. திரையில் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தின் அடியிலும் அப்படியே செய்தார். இடப்பக்கம் ‘தவறுக்குப் பொறுப்பானவர்’, வலப்பக்கம் ‘இயக்குநர்’. அடுத்த வரியில் இடப்பக்கம் தன் பெயர், தட்டு, தட்டு, தட்டு, வலப்பக்கம் ‘கூடப்பாக்கம் ராமலிங்கம் கலியபெருமாள்’. இனிஷியல் போட்டால் பிரெஞ்சுக்காரர்களுக்கு விளங்காது என்று முழுப்பெயரை வைப்பது அங்கே வழக்கம்.

சர்வரில் போட்டார். பச்சை விளக்கு சிமிட்டியது. கையெழுத்துப் போடவேண்டிய கடிதம் என்பதால் அதை அச்செடுக்க வேண்டியிருந்தது. சர்வர் வந்த இரண்டு மாதத்தில் அந்த அலுவலகத்தில் காகிதத்தில் ஏறிய முதல் பிடிஎஃப் அதுதான்.

கலியபெருமாள் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார். பிரெஞ்சு தெரியாதுதான், தன் பெயர் தெரியாமல் போகுமா?

“என் பேரு ஏன் இந்தப் பக்கம் வந்திருக்கு?”

ஜிஸ்லேன் எழுந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இங்க ‘தவறுக்குப் பொறுப்பானவர்’னு இருக்கு முசியே. அதுக்குக் கீழ என் பேரு. அதுக்குக் கீழ உங்க பேரு.”

“அந்தப் பக்கம் இயக்குநர்?”

“அங்க யாரும் இல்ல.”

கமலாவுக்கு அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கவிழ்ந்து கிடந்த கைப்பேசி, “என்னாச்சு? யாரு செத்தா?” என்றது.

கலியபெருமாள் ஜிஸ்லேனின் திரைக்கு முன்னால் போய் நின்றார். காலையிலேயே ‘வந்து பாருங்க’ என்று கூப்பிட்ட இடம். அங்கே அவர் பெயர் வலது பக்கத்தில், இயக்குநருக்கு நேர் கீழே, ராஜா மாதிரி நின்றிருந்தது. இந்தக் கடிதத்தை யாரும் திருத்தவில்லை. அவர் கண்ணெதிரே அடித்தது, கண்ணெதிரே போனது, கண்ணெதிரே மாறி வந்தது.

நிலவனைக் கூப்பிட்டார். முதலியார்பேட்டையிலிருந்து இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்தான். காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எழுத்து அகலமாயிடுச்சு சார். மதாம் வச்ச இடைவெளியும் சேர்ந்து அகலமாயிடுச்சு. வரியில எடம் பத்தல. கடைசியில இருக்கிறது எகிறி அடுத்த வரியில விழுது. உங்க பேரு வேற நீளம்.”

“எழுத்து ஏன் அகலமாச்சு?” என்று கேட்டாள் கமலா.

நிலவன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, “கட்டம் போட்டு அடிச்சிருந்தா, எழுத்து மாறினாலும் எகிறாது. நான் மதாம்கிட்ட அப்பவே சொன்னேன்,” என்றான்.

“சொன்னாரு,” என்றார் ஜிஸ்லேன். “நான் கேக்கல. அது நெசம்.”

கிணற்றில் விழுந்தவனுக்கு மேலேயிருந்து கயிறு இறங்குகிற மாதிரி அந்த வார்த்தை கலியபெருமாளிடம் இறங்கி வந்தது. கட்டம் போடாதது மதாமின் தப்பு. மதாமே ஒத்துக்கொண்டாயிற்று. பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். நிலவன் சொல்ல மாட்டான். அவனுக்குப் பராமரிப்பு வேண்டும். கமலாவுக்குத் தெரியாது. ஜிஸ்லேனுக்கும் தெரியாது. அந்த மூன்றாவது வரி இருப்பது அவருடைய மேஜையின் இரண்டாவது அறையில், பூட்டுக்குள்.

போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டு அறையைத் திறந்தார். பட்டியலை எடுத்தார். ‘ஃபாண்ட்’ என்ற சொல்லின் முதுகில் சிவப்புக் கோடு, ஒரே இழுப்பில். அன்றைக்கு அந்த இழுப்பில் எவ்வளவு திருப்தி! நாலு கட்டுத் துணிக்கு விலை குறைத்த மாதிரி. ஜிஸ்லேன் கட்டமில்லாமல் பன்னிரண்டு வருஷம் அடித்தார். ஒரு பெயர்கூட எகிறவில்லை. காதில் பென்சில் இருந்தவரை எகிறியிருந்தாலும் வாசலைத் தாண்டியிருக்காது. எழுத்தையும் அடித்து, பென்சிலையும் பிடுங்கி, கடைசியில் ஆளையும் அனுப்பப் பார்த்தது யார்?

இந்தக் கணக்கில் தள்ளுபடிக்கு எங்கேயும் இடமில்லை என்று தெரிந்ததும், பட்டியலை ஜிஸ்லேனின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார்.

“எழுத்து வாங்கணும்னு தம்பி சொன்னான். நான்தான் அடிச்சேன்.”

ஜிஸ்லேன் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். காகிதத்தைத் தொடவில்லை.

“லெட்டரை மாத்துங்க மதாம். உங்க பேரை எடுத்துடுங்க. என் பேரு அங்கயே இருக்கட்டும். அதான் மெஷினே போட்டுடுச்சே.”

“காலையில ஒண்ணு சொன்னீங்களே முசியே. திருத்தியிருப்பீங்கன்னு.”

“சொன்னேன்.”

“அதை எந்த ஃபைல்ல திருத்துறது?”

கலியபெருமாள் கமலாவைப் பார்த்தார், நிலவனைப் பார்த்தார். எதிரில் ஆள் இருக்கிறதே என்று காலையில் ஏற்றிய விலை. அதே ஆள் எதிரில்தான் இறக்க வேண்டும். “தப்புதான் மதாம். சொல்லியிருக்கக்கூடாது. மன்னிச்சிடுங்க,” என்றார். இப்படி ஒரே பேச்சில் அவர் படிந்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

ஜிஸ்லேன் தலையை மட்டும் அசைத்தார். பிறகு விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டார். “காரணம் என்னா போடட்டும்?”

“எழுத்து வாங்க மறந்துட்டோம்னு போடுங்க.”

“மறக்கலியே. அடிச்சிட்டீங்க.”

“அது எப்படி மதாம் வெளிநாட்டுக்காரன்கிட்ட… தள்ளி வச்சிருந்தோம்னு போடலாமே?”

“வேணாம்னு சொன்னோம்னு போடுறேன்.”

“இப்போதைக்கு வேணாம்னு…”

“வேணாம்னு.”

பத்து வருஷம் சேலத்திலும் ஈரோட்டிலும் பேரம் பேசியவர் வாயை மூடிக்கொண்டார். ‘வேண்டாமென்று சொன்னோம்’ என்றே ஏறியது. இம்முறை சர்வரில் போடவில்லை. ஜிஸ்லேன் தன் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கினார். குடும்பப் பட்டியலையும் அப்படியே. அச்செடுத்து, மேஜை அறைக்குள் கிடந்த பென்சிலை எடுத்து, வரிவரியாகத் தொட்டுப் படித்தார். மிக்காயேல் காலமானார். தெயோ பிறந்தான், அதோடு சரி.

கமலா கையெழுத்து வாங்கி, ஸ்கேன் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மற்றதை நாளை பார்க்க வேண்டும். படியிறங்கும்போது திரும்பி, “மதாம், நான் அங்க போனா உங்களுக்கு என்னா வாங்கியாரட்டும்?” என்றாள்.

“நல்ல பென்சில்.”

நிலவன் எழுத்துக்குப் புதிதாக ஒரு பட்டியல் எழுதி நீட்டினான். கலியபெருமாளின் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஜிஸ்லேன் இருமினார். நீலப் பேனாவில் கையெழுத்து விழுந்தது, ஒரு வரியும் அடிபடாமல். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. ஆனால் சாப்பிடவே நேரம் கிடைக்கவில்லை.

“முசியே, இனிமே எல்லாத்தையும் அச்செடுத்துப் படிச்சிட்டுத்தான் அனுப்புவேன். கட்டமும் போடுறேன், கல்லறை மாதிரி இருந்தாலும் பரவாயில்ல.”

“எல்லாத்தையுமா? பாதி?”

“எல்லாம்.”

“சின்னச் சின்னதை விட்டுட்டு…”

“எல்லாம் முசியே. இந்த ரெண்டு மாசத்துல போன குடும்பப் பட்டியலும் சேர்த்துத்தான். பதினேழு இருக்கு.”

கலியபெருமாள் நாற்காலியில் நிமிர்ந்தார். “பதினேழா? அதுல எத்தனை பேரை நாம…”

ஜிஸ்லேன் அச்சுப் பொறிக்குத் தாள் கட்டைப் பிரித்தார். மேஜை அறையிலிருந்து இன்னொரு பென்சிலை எடுத்துக் கூராக்கி, அவரிடம் நீட்டினார். பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை, பெயருக்கு நேரே தேதி நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் இரண்டும் சரியாக இருந்தன. மூன்றாவதில் கலியபெருமாளின் பென்சில் நின்றது. ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்குக் கல்யாணத் தேதி விழுந்திருந்தது. அவர் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த வீட்டு எண்ணைத் தேட ஆரம்பித்தார்.